மக்களின் வைத்தியர் றூடோல்ப் விர்க்கோ

நோயுற்றார்க்கு மருந்தளித்தல் வைத்தியர் கடன். நாட்டுக்குச் சட்டம் வகுத்தல் அரசினர் கடன். இவ்விரு கடன்களும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதன என்றே உலகம் நெடுங்காலம் எண்ணி வந்தது. கொள்ளை நோய் ஓர் ஊரை அழித்தபின் அரசினர் வைத்தியரை அனுப்புவர். வைத்தியர் மருந்தும் அறிவுரையும் வழங்கித் திரும்புவர். சட்டமும் வரியும் நிலவுரிமையும் முன்னிருந்தபடியே இருக்கும்; சில ஆண்டுகள் கழிந்தபின் நோயும் திரும்பி வரும். இந்தச் சுழலை உடைக்க முயன்றவருள் தலைசிறந்த ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மனியில் வாழ்ந்த றூடோல்ப் விர்க்கோ. நோயை மாத்திரமன்றி அதற்கு ஏதுவாயதையும் ஆராய்ந்தே மருந்து செய்தல் வேண்டுமென்பது திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தாற் பெறப்படும் நெறி. அந்நெறியை ஒரு நாட்டின் சட்டத்துக்கும் வரவு செலவுக்கும் பொருத்திக் காட்டியவர் இவர் எனலாம். ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் ஒருங்கே படிக்கும் இவ்விழா மலரில் அன்னாரின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

விர்க்கோ 1821ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆந் திகதி பிரஷ்ய அரசின் பொமறேனியா மாகாணத்தில் ஷிவெல்பைன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்து நாட்டின்கண் உள்ளது. தந்தையார் சிறிதளவு நிலத்தை உழுது பயிரிட்டவர். ஊர்ச் சபையின் பொருளாளராகவும் கடமையாற்றியவர். செல்வமில்லாத குடும்பத்தில் ஒரே மகனாகப் பிறந்த இவர் தமது கல்வித் திறமையினால் 1839இல் பேர்லின் நகரிலிருந்த இராணுவ வைத்தியக் கழகத்தில் இடம் பெற்றார். படிப்பு இலவசம், அதற்கு ஈடாகப் பின்னர் படைவைத்தியராகப் பணிபுரிதல் வேண்டும். 1843இற் பட்டம் பெற்றுப் பேர்லினின் புகழ் வாய்ந்த சாறிற்றே வைத்தியசாலையில் அமர்ந்தார். ஆங்கே இறந்தோர் உடலை அறுத்து ஆராய்வதும் நுணுக்குக்காட்டியினூடே நோக்குவதும் அவர் நாளாந்தப் பணியாயின. இரத்தத்தில் வெண்கலங்கள் அளவின்றிப் பெருகும் நோயை 1845இல் அவர் விவரித்தார். உடலில் ஓரிடத்தில் உறையும் குருதிக்கட்டி பெயர்ந்து சென்று வேறோரிடத்துக் குழாயை அடைக்கும் முறையையும் விளக்கினார். 1847இல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து அவர் தொடங்கிய ஆராய்ச்சிச் சஞ்சிகை அவர் பெயரைத் தாங்கி இன்றும் வெளிவருகின்றது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு நிரம்பவில்லை.

இவ்வளவோடு நின்றிருப்பின் விர்க்கோவின் பெயர் வைத்திய நூல்களில் மாத்திரமே வாழ்ந்திருக்கும். அவர் வாழ்வைத் திருப்பியது 1848ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு பயணம். பிரஷ்யாவின் தென்கிழக்கு மூலையில் மேற் சிலீசியா என்றொரு பகுதி இருந்தது. அங்கே வாழ்ந்த குடியானவர் பெரும்பாலும் போலிஷ் மொழி பேசுவோர், கத்தோலிக்க சமயத்தினர். உருளைக்கிழங்கே அவர்தம் தலையாய உணவு. கிழங்கு நோயுற்று விளைவு பொய்த்தது. தொடர்ந்து பெய்த மழையினால் ஏனைய பயிரும் அழிந்தது. 1847இல் பஞ்சம் முற்றியது. அதன் பின்னே தைபசுக் காய்ச்சல் வந்தது. றீப்னிக், பிளெஸ் என்னும் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஊரூராக நின்றனர். அரசாங்கமோ நெடுநாள் அசையவில்லை. செய்தி பத்திரிகைகளிற் பரவி மக்கள் வினாவத் தொடங்கிய பின்னரே, கல்வியையும் வைத்தியத்தையும் மேற்பார்த்த அமைச்சு மூத்த வைத்தியர் ஒருவரையும் விர்க்கோவையும் அனுப்பிற்று. பெப்ரவரி 20ஆந் திகதி அவர் புறப்பட்டார். மார்ச் மாதம் 10ஆந் திகதியளவிற் பேர்லினுக்கு மீண்டார். அந்த மூன்று வாரமும் அவர் மறவாத பாடமாயின.

அவர் வீடுவீடாகச் சென்றார். மரத்துண்டுகளை அடுக்கி மண் பூசிய குடில், மண்தரை, ஓர் அறை. அவ்வறையிலேயே குடும்பம் முழுவதும் உறங்கிற்று. குளிர்காலத்தில் மாடும் கோழியும் உடனிருந்தன. மாற்றுடை இல்லை. நோயாளியும் நோயற்றோரும் ஒரே வைக்கோற் படுக்கையிற் கிடந்தனர். அம்மக்களின் அழுக்கையும் குடிப்பழக்கத்தையும் சோம்பலையும் விர்க்கோ மறைத்து எழுதவில்லை; கடுமையாகவே எழுதினார். ஆனால், அங்கே நின்றுவிடாது, இவை எங்கிருந்து வந்தன என்று கேட்டார். பல நூற்றாண்டுகள் பிரபுக்களின் நிலத்தில் அடிமைப்பட்டு உழைத்தோர் அவர்கள். சட்டத்தின்படி அடிமைத்தனம் ஒழிந்த பின்னரும் சிறுநிலத்தாருள் அநேகர் கூலியின்றிப் பிரபுவின் வயலில் வேலை செய்யும் கட்டாயம் நீங்கவில்லை. நிலத்தின் வருவாய் வேற்றூரில் வாழ்ந்த நிலக்கிழாரின் கைக்குச் சென்றது. உழைப்பின் பயன் தமக்குரியதாகாதவிடத்து ஊக்கம் எங்ஙனம் பிறக்கும்?

மொழியைப் பற்றியும் அவர் கண்டறிந்த உண்மை எம்மனோர் சிந்தனைக்கு உரியது. அம்மக்களின் தாய்மொழி போலிஷ். அரசின் மொழியோ ஜேர்மன். பள்ளியிலும் நீதிமன்றிலும் வைத்தியசாலையிலும் அவர்க்கு விளங்காத மொழியே ஒலித்தது. அதனால் உடல்நலம் பேணும் அறிவு அவர்களைச் சென்றடைய வழி இருக்கவில்லை. இதனை விர்க்கோ வெறும் கல்விக் குறையாகக் கொள்ளாது, சாவுக்கு ஏதுவானவற்றுள் ஒன்றாகவே கணக்கிட்டார்.

பேர்லினுக்கு மீண்டு அவர் எழுதிய அறிக்கை அதே ஆண்டில் அவருடைய சஞ்சிகையில் வெளிவந்தது. உணவுப் பங்கீட்டை மேற்பார்க்க வைத்தியரும் ஊர்மக்களும் அடங்கிய குழுக்கள் உடன் அமைய வேண்டுமென்று அதிற் கூறினார். அது அன்றைய பசிக்கு மருந்து. ஆயின், நோய் மீண்டும் வாராதிருக்க அவர் எழுதிய மருந்துச்சீட்டு அமைச்சரைத் திடுக்கிடச் செய்திருக்கும். அம்மக்களுக்கு முழுமையான குடியாட்சி வேண்டும். ஊராட்சி அவர்கள் கையிலேயே இருத்தல் வேண்டும். போலிஷ் மொழி அரசாங்க மொழியாதல் வேண்டும். யாவருக்கும் கல்வி வேண்டும். சமயபீடம் ஆட்சியினின்று பிரிக்கப்படல் வேண்டும். வரிச்சுமை ஏழையின் தோளினின்று செல்வர் தோளுக்கு மாறுதல் வேண்டும். வீதிகள் அமைத்தலும் வேளாண்மையைத் திருத்துதலும் கூட்டுறவு இயக்கத்தை வளர்த்தலும் வேண்டும். இவையே அவருடைய தைபசு மருந்துகள்.

இக்காலத்து மாணவர் இங்கே ஓர் ஐயம் எழுப்பலாம். தைபசுவைப் பரப்புவது உடைப்பேன் என்பது 1909இலேயே சாள்ஸ் நிக்கோல் என்னும் பிரெஞ்சு அறிஞராற் கண்டுபிடிக்கப்பட்டது. அது விர்க்கோவுக்குத் தெரியாது. எனவே அவர் ஆராய்ச்சி தவறன்றோ? நோய் பரவும் வழியை அவர் அறியவில்லை என்பது உண்மை. ஆயினும், பேன் எங்கே பெருகுகின்றது? ஒரே உடையைப் பல மாதம் அணிவோரிடத்தும், ஒரே அறையில் நெருங்கிக் கிடப்போரிடத்தும், பசியால் மெலிந்து ஊர்விட்டு ஊர் அலைவோரிடத்துமே பெருகுகின்றது. அக்குடிலும் கந்தையும் பசியும் மாறவேண்டுமென்று அவர் கேட்டது முற்றும் சரியே. காரணச் சங்கிலியின் ஒரு கண்ணி அவருக்குப் புலப்படாதபோதும் சங்கிலி எங்கே கட்டப்பட்டிருந்தது என்பது புலப்பட்டது.

அவர் திரும்பிய சில நாளில், மார்ச் 18ஆந் திகதி, பேர்லினில் மக்கட் புரட்சி மூண்டது. விர்க்கோவும் தெருவில் எழுப்பிய அரண்களிடையே நின்றார். பின்னர் நண்பர் ஒருவருடன் வைத்தியச் சீர்திருத்தம் குறித்த வாரப் பத்திரிகை ஒன்றை நடத்தினார். ஏழைகளுக்கு வைத்தியர் கிடைத்தல் தருமமன்று, உரிமையென்பதும், வைத்தியரே ஏழைகளுக்காக வழக்காடும் இயல்பான வழக்கறிஞர் என்பதும் அதன் கொள்கைகள். புரட்சி ஒடுங்கியது, அரசாங்கம் அவரை மறந்துவிடவில்லை. 1849இல் வைத்தியசாலையில் அவர் வகித்த பதவிக்கு இடையூறு நேர்ந்தது, பத்திரிகையும் நின்றது. அரசியலில் தலையிடாதிருப்பதாக உறுதியளித்தபின் பவேரிய நாட்டின் வூர்ஸ்புர்க் பல்கலைக்கழகம் அவருக்குப் பேராசிரியர் பதவி அளித்தது.

ஆங்கே கழிந்த ஏழாண்டுகளே அவருடைய விஞ்ஞானப் பணி கனிந்த காலம். உயிர்க்கலம் ஒவ்வொன்றும் அதற்கு முந்திய கலத்தினின்றே தோன்றுமென்பதும், நோயென்பது கலங்களில் நிகழும் மாற்றமே என்பதும் அவர் நிலைநாட்டிய கோட்பாடுகள். 1858இல் வெளியான அவரது கலநோயியல் நூல் வைத்தியக் கல்வியின் போக்கையே மாற்றிற்று. உடலைக் குடியரசாகவும் கலங்களை அதன் குடிகளாகவும் உவமித்துப் பேசுவது அவர் வழக்கம். ஆய்வுக்கூடத்திலும் அவர் மனம் அரசியலை விட்டு நீங்கவில்லை என்பதற்கு அவ்வுவமையே சான்று. 1852இல் பவேரிய அரசு அவரை ஸ்பெசார்ட் மலைப்பகுதிக்குப் பஞ்சத்தை ஆராய அனுப்பியது. அங்கும் வறுமையையும் நோயையும் அவர் ஒன்றாகவே வைத்து ஆராய்ந்தார்.

1856இற் பேர்லின் அவரைத் திரும்ப அழைத்தது. புதிதாக நோயியற் கழகம் ஒன்று அமைத்துத் தருவதாயின் வருவேன் என்று நிபந்தனை விதித்து வந்தார். 1859இற் பேர்லின் மாநகர சபை உறுப்பினரானார். இறக்கும்வரை நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவ்வாசனத்தை விடவில்லை. 1861இல் முற்போக்குக் கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். 1862இற் பிரஷ்யச் சட்டசபைக்குத் தெரிவானார். 1880 முதல் 1893 வரை பேரரசின் பாராளுமன்றத்திலும் இருந்தார். படைக்குப் பணம் ஒதுக்கும் வழக்கில் முதன்மந்திரி பிஸ்மார்க்கை இடைவிடாது எதிர்த்தார். 1865இற் சினமுற்ற பிஸ்மார்க் அவரை ஆயுதமேந்திப் போட்டியிட அழைத்தார். விர்க்கோ மறுத்துவிட்டார். கருத்து வேற்றுமையைத் தீர்க்கும் இடம் சட்டசபையேயன்றிக் களமன்று என்பது அவர் உறுதி.

எனினும் அவருடைய நிலைத்த வெற்றி சட்டசபையிலன்று, மாநகர சபையிலேயே விளைந்தது. 1848இல் அரசை ஒரே நாளில் மாற்ற எழுந்த இளைஞர் இப்பொழுது கழிவுநீர்க் குழாயைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வாதாடும் முதிர்ந்தவராக மாறியிருந்தார். அக்காலப் பேர்லினின் நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் தகும். தெருவின் இரு மருங்கும் திறந்த வாய்க்கால்கள். அவற்றில் அடுக்களை நீரும் பட்டறைக் கழிவும் தேங்கி நாறின. வீட்டுக் கொல்லையில் மலக்குழி. 1856 முதல் குழாய்நீர் கிடைத்தபின் நீர் ஊற்றும் மலகூடங்கள் பெருகின. அக்கழிவும் வாய்க்கால் வழியே ஸ்பிறே ஆற்றைச் சேர்ந்தது. 1866இல் வாந்திபேதி நகரத்தைக் கடுமையாகத் தாக்கிற்று. நெருப்புக் காய்ச்சலோ ஆண்டுதோறும் பலி கொண்டது.

கழிவை ஆற்றில் விடுவதா, வண்டியில் ஏற்றி வயலுக்கு அனுப்புவதா, நிலத்தடிக் குழாயில் அகற்றுவதா என்று வழக்கு நீண்டது. வீட்டுச் சொந்தக்காரர் செலவை அஞ்சினர். எரு வீணாகும் என்றனர் வேளாண்மை அறிஞர். குழாயினின்று நச்சுக்காற்று எழும் என்று அஞ்சினோரும் உளர். இதனை ஆராயும் குழுவை வழிநடத்தும் பொறுப்பு விர்க்கோவைச் சேர்ந்தது. அவர் மேடைப்பேச்சை நம்பவில்லை. சாவுக் கணக்கையும் நிலத்தடி நீரின் ஏற்ற இறக்கத்தையும் தொகுத்தார். பிற நாட்டு நகரங்களின் அனுபவத்தை ஆராய்ந்தார். குழுவினர் ஒரு சிறு நிலத்திற் கழிவுநீரைப் பாய்ச்சிப் பயிர் விளைத்தும் பார்த்தனர். ஈற்றில் 1873இல் மாநகர சபை இசைந்தது.

திட்டத்தை வகுத்தவர் ஜேம்ஸ் ஹோப்ரெக்ற் என்னும் பொறியியலாளர். நகரம் பன்னிரண்டு பிரிவாக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவிலும் கழிவுநீர் தானாக ஓடித் தாழ்ந்த இடத்துக்கு வந்தது. ஆங்கிருந்த நீராவி யந்திரம் அதனை நகருக்குப் புறத்தேயுள்ள வயல்களுக்கு உந்திற்று. மணற்பாங்கான நிலம் நீரை வடித்தது. எரு பயிருக்கு உதவிற்று. இவ்வாறு ஆறும் காக்கப்பட்டது. வேளாண்மை அறிஞர் குறையும் ஓரளவு தீர்ந்தது. அவ்வயல்களுக்காக மாநகர சபை காலப்போக்கில் வாங்கிய நிலம் நகரத்தின் பரப்பையே விஞ்சிற்று. இருபது ஆண்டில் நகரின் பெரும்பகுதி குழாயோடு இணைந்தது. பிற்காலத்தில் தொழிற்சாலைக் கழிவு கலந்து அந்நிலங்கள் மாசுற்றதையும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்முறை கைவிடப்பட்டதையும் நாம் மறைத்தல் ஆகாது. ஆயினும், அக்காலத்துப் பேர்லினுக்கு அது வாழ்வளித்தது.

இதன் மதிப்பை 1892ஆம் ஆண்டு விளக்கிற்று. அவ்வாண்டு ஹாம்பர்க் துறைமுக நகரில் வாந்திபேதி புகுந்து ஏறக்குறைய 8,600 பேரைக் கொன்றது. அங்கே நிலத்தடிக் கழிவுக்குழாய் முன்னமே இருந்தது. ஆனால், குடிநீரோ எல்பே ஆற்றிலிருந்து வடிகட்டாமலே வந்தது. வடிகட்டும் நிலையம் அமைக்கும் செலவு குறித்து ஆட்சியாளர் பல்லாண்டு தயங்கியிருந்தனர். அடுத்துள்ள அல்ற்ரோனா நகரம் நீரை மணலில் வடிகட்டியமையாற் பெரிதும் தப்பிற்று. வடித்த நீரும் கழிவகற்றலும் ஆகிய இரண்டும் பெற்றிருந்த பேர்லினிலும் நோய் பரவவில்லை. மிச்சம் பிடித்த பணத்துக்கு ஹாம்பர்க் மக்கள் உயிராற் கணக்குத் தீர்த்தனர் என்பதே இதிலிருந்து ஆட்சியாளர் கற்கவேண்டிய பாடம்.

விர்க்கோவின் கவனம் உணவுத் தட்டையும் விட்டுவைக்கவில்லை. பன்றியிறைச்சியிலுள்ள திரிக்கினா என்னும் நுண்புழு மனிதரைக் கொல்வதை ஆராய்ந்து, கொல்லப்படும் பன்றி ஒவ்வொன்றையும் நுணுக்குக்காட்டியாற் பரிசோதித்தல் வேண்டுமென வற்புறுத்தினார். 1865இல் ஹெடர்ஸ்லேபன் என்னும் கிராமத்தில் மாத்திரம் இப்புழுவினால் நூற்றொருவர் இறந்தனர். இறைச்சி வணிகர் எதிர்த்தனர்; அவர் தளரவில்லை. 1881இற் பேர்லினில் மாநகரப் பொதுக் கொல்களம் திறக்கப்பட்டது. 1874இற் பிறீட்றிக்ஸ்ஹைன் வைத்தியசாலையும், 1890இல் உர்பான் வைத்தியசாலையும் ஏழைகளுக்காக எழுந்தமைக்கு அவர் பெரிதும் உழைத்தார். தாதியருக்கு முறையான பயிற்சி வேண்டுமென்றார். வகுப்பறையின் ஒளியும் காற்றும் வாங்கும் பிள்ளைகளின் உடல்நலத்தை எவ்வாறு தாக்குகின்றன என்று 1869இல் ஆராய்ந்து எழுதினார்.

பெரியோரின் குறைகளைக் கூறாத வரலாறு மாணவர்க்குப் பயன்படாது. நோய்க் கிருமிக் கொள்கையை விர்க்கோ தயங்கித் தயங்கியே ஏற்றார். பிரசவ விடுதிகளில் வைத்தியர் கை கழுவவேண்டுமென்று போராடிய செம்மல்வைஸ் அவரிடம் ஆதரவு பெறவில்லை. 1882இல் றொபேட் கொக் காசநோய்க் கிருமியைக் காட்டியபோதும் அவர் எளிதில் இசையவில்லை. 1870களிற் பிஸ்மார்க் கத்தோலிக்க பீடத்தோடு தொடுத்த போராட்டத்துக்குப் பண்பாட்டுப் போர் என்னும் பொருளுடைய பெயரை வழங்கி அதனை ஆதரித்தவரும் இவரே. அப்போரின் பளு, அவர் இளமையில் யாருக்காகப் பரிந்து எழுதினாரோ அந்தக் கத்தோலிக்கப் போலிஷ் மக்கள்மீதும் விழுந்தது. 1883இல் தொழிலாளருக்கான கட்டாய நோய்க் காப்புறுதிச் சட்டத்தை உலகில் முதன்முதல் கொணர்ந்தவர் அவர் பகைவர் பிஸ்மார்க். அதனை எதிர்த்து நின்றது அவர் கட்சி. அரசின் கை நீளுதலை அஞ்சிய அக்கட்சி ஏழையின் நலத்தை அங்கே காணத் தவறியது. நல்ல நோக்கமும் கட்சிப் பற்றினால் மறைக்கப்படலாம் என்பதற்கு இஃது ஒரு சான்று.

மானிடவியலிலும் அவர் ஈடுபட்டார். எம் இலங்கை வேடரைப் பற்றி 1881இல் ஓர் ஆய்வு நூல் வெளியிட்டார் என்பது இங்குள்ளோர் பலர் அறியாத செய்தி. ஜேர்மன் பள்ளிப் பிள்ளைகள் அறுபத்தேழு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் முடி, கண், தோல் நிறங்களைத் தொகுத்து, கலப்பற்ற ஜேர்மன் இனம் என்று ஒன்று இல்லை என்பதைப் புலப்படுத்தினார். பிற்காலத்தில் அந்நாட்டிற் பரவிய இனவெறியை நோக்குமிடத்து அப்பணியின் அருமை விளங்கும்.

1902ஆம் ஆண்டு ஜனவரி 4ஆந் திகதி, ஓடும் திராம் வண்டியினின்று இறங்க முயன்று வீழ்ந்து தொடையெலும்பு முறிந்தார். அதிலிருந்து முற்றும் தேறாது செப்டெம்பர் 5ஆந் திகதி எண்பதாம் வயதிற் காலமானார். அவர் பெயரால் பேர்லின் மாநகரம் எழுப்பிய பெரிய வைத்தியசாலை 1906இற் திறக்கப்பட்டது.

இவ்வரலாற்றினால் நாம் பெறுவது யாது? நோய் வந்தபின் வைத்தியரை அனுப்பும் அரசு காலந் தாழ்த்திய அரசு. வரி விதிக்கும்போதும், வீதி வகுக்கும்போதும், பள்ளியின் மொழியைத் தீர்மானிக்கும்போதும், நீருக்குப் பணம் ஒதுக்கும்போதும், இதனால் எவர் நோயுறுவர் என்று முன்னரே வினாவும் அரசே காலம் அறிந்த அரசு. அவ்வினாவைக் கேட்கத் தூண்டுவோர் வேண்டும். எம்போன்ற கல்லூரிகள் வைத்தியரையும் உருவாக்குகின்றன. கச்சேரியிலும் திணைக்களத்திலும் சபையிலும் அமர்வோரையும் உருவாக்குகின்றன. ஒரே வாங்கில் அருகருகே இருந்து படித்த இவ்விருவரும் வெளியேறியபின் ஒருவரையொருவர் காணாது வாழ்தலே வழக்கமாயிருக்கின்றது. விர்க்கோ இளமையில் மூன்று வாரத்திற் கண்ட உண்மையைச் செயலாக்க நாற்பது ஆண்டுகள் சபையில் இருந்தார். சலிப்பூட்டும் குழுக்கூட்டங்களும், கணக்கேடுகளும், தோற்ற வாக்கெடுப்புகளும் அவர் வைத்தியத்தின் பகுதியே. எம் மாணவருள் வைத்தியராவோர் நோயாளியின் வீட்டையும் காண்பாராக. அதிகாரிகளாவோர் தம் கையொப்பத்தின் மறுபுறத்தே நோயாளியின் படுக்கையைக் காண்பாராக. பேரறிஞர் விர்க்கோவுக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.